நாயையும் கூட்டிப் போகலாமா?

அந்தமானில் ஒரு நாள் வெளியே போகத் திட்டமிடும் குடும்பங்கள், கட்டுச்சோற்றுக்கு முன்பே யோசிக்க வேண்டிய கேள்வி இது.

ஹேடோவில் பொழுது சீக்கிரம் விடிகிறது. கடிகாரம் சென்னைக்கும் தில்லிக்கும் உரிய நேரத்தைக் காட்டினாலும் சூரியன் தன் கணக்கில்தான் வருகிறான். டிசம்பர் மாதத்தில் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். மாலை ஐந்து மணிவாக்கில் பொழுது சாய்ந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புகிறவர்களுக்கு இங்கே பாதிப் பகல்தான் மிஞ்சும்.

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்து வரும் பயணிகள் கப்பல்கள் வந்து நிற்கும் பகுதி ஹேடோ. 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர் நகரத்தின் ஒரு பகுதி. துறைமுகத்தை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்த நகரத்தில் வேரூன்றியிருக்கின்றன. விடுமுறை நாளில் அவர்கள் வீடுகளில் நடக்கும் பேச்சும் மதுரையிலோ கோவையிலோ நடக்கும் பேச்சு மாதிரிதான். எங்கே போகலாம், எலுமிச்சை சாதமா புளியோதரையா, வண்டிக்கு யாரிடம் சொல்வது? எல்லாம் முடிவான பிறகு வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாயின் ஞாபகம் வரும். "அதைத் தனியா விட்டுட்டா போறது? அதுவும் வரட்டும்" என்று குழந்தைகள் அடம்பிடிக்க, நாயும் வண்டியில் ஏறிவிடும்.

மெயின்லேண்டில் இதனால் பெரிய ஆபத்து ஏதுமில்லை. அந்தமானில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நாய் வருமா வராதா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம் எளிமையானது. மோப்பம் பிடித்தபடி நாய் போகும். நாயின் பின்னால் குழந்தை ஓடும். இந்தத் தீவுகளில் மோப்பம் பெரும்பாலும் நீரோரத்தில்தான் போய் முடிகிறது.

நாய் இந்தத் தீவுகளுக்குப் புதிது. 1858ல் ஆங்கிலேயர்கள் இங்கே கைதிகள் குடியிருப்பை நிறுவுவதற்கு முன் அந்தமான் பழங்குடிகளிடம் நாய்கள் கிடையாது. குடியேறியவர்களோடு வந்த நாய்களைப் பிறகு அந்தமானிய மக்களும் ஓங்கேக்களும் வளர்க்கத் தொடங்கினார்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கு அவை பெரிதும் உதவின. ஆனால் இங்குள்ள மற்ற உயிரினங்களில் பல, நாய் என்ற பிராணியே இல்லாத உலகத்தில் வாழ்ந்து பழகியவை. ஒன்றரை நூற்றாண்டு என்பது அவற்றுக்கு நேற்று மாதிரி.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம். அந்தமான் நிகோபார் தீவுகளும் லட்சத்தீவும் வெறிநாய்க்கடி நோய் இல்லாத பகுதிகளாகக் கருதப்படுகின்றன. மற்ற மாநிலங்களில் பெற்றோரை நடுங்க வைக்கும் அந்த முதல் பயம் இங்கே குறைவு. இந்த நிலை நீடிக்க வேண்டுமென்றால், மெயின்லேண்டிலிருந்து நாய் கொண்டுவருபவர்கள் தடுப்பூசி போட்டு, சான்றிதழோடுதான் கிளம்ப வேண்டும். ஒரே ஒரு நோயுற்ற நாய் கப்பலேறி வந்தால் போதும், இத்தனை ஆண்டுக் கால நிம்மதி போய்விடும். நாய் கடித்துவிட்டால் இங்கேயும் காயத்தை சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

அந்தமானில் கவலைப்பட வேண்டியவை வேறு மூன்று: முதலை, ஆமை, சேறு. முதலாவதால் நாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. இரண்டாவதற்கு நாயால் ஆபத்து. மூன்றாவது, நாய் வழியாகவே வீட்டுக்கு வரக்கூடிய ஆபத்து.

உப்புநீர் முதலைதான் உலகில் இன்று வாழும் ஊர்வனவற்றில் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் முதலை 5 மீட்டருக்கு மேலும் நீளும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போன இந்த இனத்துக்கு 1972ம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் உயிர் கொடுத்தது. ஹேடோவிலேயே வனத்துறை நடத்திய சிறு மிருகக்காட்சி சாலையில் இந்த முதலைகள் இனப்பெருக்கம் செய்யப்பட்டன. பாதுகாப்புக்குப் பலன் கிடைத்தது. அதே சமயம் மனிதக் குடியிருப்புகளும் சிற்றோடைகளை ஒட்டிப் பெருகின. கழிமுகங்களில் கொட்டப்படும் இறைச்சிக் கழிவு தெருநாய்களை இழுக்கிறது. நாய்கள் முதலைகளை இழுக்கின்றன.

2004 டிசம்பர் 26 பூகம்பம் இன்னொரு மாற்றத்தைச் செய்தது. தெற்கு அந்தமானில் போர்ட் பிளேயரைச் சுற்றிய நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் வயலாக இருந்த நிலத்துக்குள் கடல்நீர் புகுந்து, வெளியேறாமல் தங்கிவிட்டது. இன்று அங்கே நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு ஏரி மாதிரி இருக்கும் இந்த நீர்ப்பரப்புகள் கடலோடு தொடர்புள்ளவை என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அலை இல்லாத நீர் என்றால் ஆபத்தில்லாத நீர் என்று அர்த்தமில்லை.

கடலிலும் இதே கதைதான். முதலை பயமே இல்லை என்று பலரும் நம்பியிருந்த ஹேவ்லாக் தீவில் 2010 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் நீந்திக்கொண்டிருந்தபோது முதலைக்கு இரையானார். வாண்டூர் உட்படப் பல கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. ஆனால் நாய்க்குப் படிக்கத் தெரியாது.

முதலையின் வேட்டை முறை தெரிந்தால் நாய் ஏன் பிரச்சினை என்பது புரியும். அது துரத்திப் பிடிக்கும் பிராணி அல்ல. நீருக்கடியில் அசையாமல் கிடந்து, கரையோரம் வரும் இரையைப் பாய்ந்து கவ்வும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்க வரும் பிராணியைக் கவனித்து வைத்துக்கொள்ளும். விளிம்பில் நின்று நக்கி நக்கித் தண்ணீர் குடிப்பது, குச்சியை எடுக்க நீரில் பாய்வது, அலையைப் பார்த்துக் குரைப்பது என்று நாய் விரும்பிச் செய்யும் ஒவ்வொன்றும் முதலைக்கு விடும் அழைப்பு. இதே முதலை வாழும் வட ஆஸ்திரேலியாவில் அரசாங்கமே மக்களுக்குச் சொல்லும் விதிகளில் இரண்டு முக்கியமானவை: நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், நாயை விளிம்புக்கு விடக்கூடாது. அந்தமானுக்கும் இது அப்படியே பொருந்தும். வள்ளுவர் முதலையை உதாரணமாக எடுத்துக்கொண்டது 'இடனறிதல்' அதிகாரத்தில்தான். பலம் எங்கே இருக்கிறது என்பது இடத்தைப் பொறுத்தது. நீர் விளிம்பு முதலையின் இடம்.

இரண்டாவது, ஆமை. மழை ஓய்ந்து, கடல் அடங்கி, பாதைகள் காய்ந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள்தான் வெளியே போக அருமையான காலம். துரதிருஷ்டவசமாக, கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலமும் இதில்தான் பெரும்பகுதி அடங்குகிறது. பேராமை, தோணி ஆமை, அழுங்காமை, பங்குனி ஆமை ஆகிய நான்கு இனங்களும் இந்தத் தீவுகளில் முட்டையிடுகின்றன. பங்குனி ஆமை ஒரு தடவையில் சுமார் நூறு முட்டைகள் இட்டு மணலில் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 50 நாட்கள் அந்த மணல்தான் தாய்.

மனிதக் கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரிவது நாயின் மூக்குக்கு அப்படியில்லை. ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்பதிலும், கடலை நோக்கி ஓடும் குஞ்சுகளைக் கவ்வுவதிலும் நாய்கள் இந்தத் தீவுகளில் முதன்மையான எதிரிகளில் ஒன்று என்று ஆமை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் குடியிருப்புகளைச் சுற்றித் திரியும் நாய்களைப் பற்றி. ஆனால் வீட்டு நாய்க்கும் மூக்கு ஒன்றுதான். குழந்தை "டாமி குழி தோண்டுது பாருங்க அம்மா!" என்று கைதட்டும் ஐந்து நிமிடத்தில் ஒரு கூடு காலியாகிவிடும்.

மூன்றாவது, சேறு. 1980களின் இறுதியில் அந்தமானில் மழைக்குப் பிறகு ஒரு மர்மக் காய்ச்சல் பரவியது. நுரையீரலில் ரத்தம் கசிந்து மனிதர்கள் இறந்தார்கள். 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் என்பது 1990களில் போர்ட் பிளேயரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையத்தின் ஆய்வுகளில் உறுதியானது. இத்தனைக்கும் இந்த நோய் அந்தமானில் இருப்பது 1930களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருந்தது.

எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் இந்தக் கிருமி வெளியேறுகிறது. தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் உயிரோடு இருக்கிறது. காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடம்புக்குள் நுழைகிறது. சேற்றுக்குட்டையில் புரண்ட நாய், அதைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தை என்ற காட்சி புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்; நோய்க்கும் வசதியாக இருக்கும். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதாது. ஆண்டுதோறும் போட வேண்டும். குழந்தைகளுக்குச் செருப்பைவிட மூடிய காலணி நல்லது. போய்வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தோன்றினால், "குழந்தை சேற்று நீரில் விளையாடியது" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துகளிலேயே குணமாகக்கூடிய நோய் இது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால், ஹேடோவிலிருந்து நாயோடு எங்கே போகலாம், எங்கே கூடாது என்பது தானாகவே பிரிந்துவிடும்.

வாண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகள் 1983ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பிளாஸ்டிக் பையையே அனுமதிக்காத அந்தத் தீவுகளில் நாயைப் பற்றிப் பேச்சுக்கே இடமில்லை. சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃபிளாட்டுக்குப் படகில் போய் மவுண்ட் ஹேரியட் ஏறுவது, அதாவது 2021 முதல் மவுண்ட் மணிப்பூர் ஏறுவது, குழந்தைகளுக்கு அருமையான பயணம். ஆனால் அதுவும் தேசியப் பூங்கா. அந்தப் பயணங்களின்போது நாய் வீட்டில் இருக்க வேண்டியதுதான். சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே உள்ள சிடியா டாப்புவும் பறவைகளுக்காகப் போகும் இடம். நாய் குரைத்தால் பறவை பறந்துவிடும்.

அப்படியானால் எங்கேதான் போவது? கடற்கரையைவிட்டு உள்ளே வந்தால் நல்ல வழி இருக்கிறது. குப்தாபாடா, மஞ்சேரி பக்கங்களில் தென்னையும் பாக்கும் வளர்ந்த தோட்டங்கள் உண்டு. அந்தமானில் சில வருடங்கள் வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் அப்படிப்பட்ட தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பரோ உறவினரோ இருப்பார். முன்கூட்டியே சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு போனால் நிழல், கிணற்று நீர், இளநீர் மூன்றும் கிடைக்கும். அவர் வீட்டில் கோழி இருக்கிறதா, ஆடு இருக்கிறதா, ஏற்கனவே ஒரு நாய் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். தோட்டத்துக்குப் பின்னால் ஓடை இருக்கிறதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. இருந்தால் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று வண்டியைவிட்டு இறங்கும்போதே எல்லை போட்டுவிட வேண்டும்.

வழியில் ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்தில் பத்து நிமிடம் நிறுத்தலாம். ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது 1944 ஜனவரி 30 அன்று 44 இந்தியர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட இடம் அது. பாடப் புத்தகத்தில் செல்லுலார் சிறையை மட்டும் படிக்கும் குழந்தைகளுக்கு, இந்தத் தீவுகளின் துயரம் ஒரு சிறையோடு முடியவில்லை என்பது அங்கே தெரியும்.

தோட்டத்திலும் சில ஜாக்கிரதைகள் தேவை. சருகுக் குவியலிலும் தேங்காய் மட்டைகளுக்கு அடியிலும் அந்தமான் பூரான் இருக்கும். மெயின்லேண்டில் பார்க்கும் பூரான்களைவிடப் பல மடங்கு பெரியது. கடித்தால் வலி பொறுக்க முடியாது. மூக்கை நுழைக்கும் நாயும், கையை நுழைக்கும் குழந்தையும்தான் முதலில் மாட்டுவார்கள். இங்குள்ள நாகம் அந்தமானுக்கே உரிய தனி இனம். இந்தியாவில் தயாராகும் வழக்கமான விஷமுறிவு மருந்து மெயின்லேண்டின் நான்கு வகைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு உருவானது. ஆகவே பாம்பைக் கண்டால் நாயை ஏவிவிடாமல் எல்லோரும் விலகிப்போவதுதான் புத்திசாலித்தனம். கழிமுகத்து அலையாத்திக் காடுகளில் தில்லை மரம் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். குச்சி ஒடித்து நாய்க்கு வீசும் பழக்கத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது.

நேரத்துக்கு வருவோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடையை முடித்துவிடலாம். பத்து மணிக்கு மேல் அந்தமானின் புழுக்கம் நாய்க்கு மனிதனைவிட அதிகம் தாங்காது. அதற்கு வியர்வை மூலம் உடம்பைக் குளிரவைக்கும் வசதி கிடையாது. நிழலில் கட்டி, குடிக்க நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். பூட்டிய வண்டிக்குள் ஐந்து நிமிடம்கூட விடக்கூடாது. திரும்பும்போது யாராவது கடற்கரை பார்க்க ஆசைப்பட்டால், ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்நீர் சுமார் 2 மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் அகலமாகக் கிடந்த மணல் மதியம் காணாமல் போய்விடும். கரைக்குப் போனால் நாயின் வாரைப் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். குழந்தையிடம் வாரைக் கொடுத்தால், நாய் இழுத்த பக்கம் குழந்தையும் போகும். நான்கு மணிக்குள் எல்லோரும் வண்டியில் இருக்க வேண்டும். இருட்டத் தொடங்கும் நேரம் முதலையின் நேரம்.

சாப்பாட்டுக் கூடையில் ஒரு சின்ன மாற்றம் போதும். வெங்காயம் சேர்ந்த சாம்பார் சாதமும் சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு தொண்டையில் குத்தும். அதற்கென்று வெறும் சோறும் வேகவைத்த மீனும் முள் நீக்கித் தனியாக எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தை ஓடையில் கொட்டாமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொட்டிய மிச்சம் நாளைக்கு வேறு யாருடைய நாயையோ அந்த ஓடைக்கு வரவழைக்கும். செத்த பவளத் துண்டுகளையும் குழந்தைகள் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. சட்டம் அனுமதிப்பதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, இத்தனை தொல்லைக்கு நாயை வீட்டிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றலாம். சில நாட்களில் அதுதான் சரியான விடை. பக்கத்து வீட்டில் சொல்லி, சோறும் தண்ணீரும் வைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவைக் குழந்தைகளுக்குத் தெரியாமல், நாயை ஏமாற்றிக் கட்டிவிட்டுக் கிளம்புவதுதான் தவறு. முதல் நாள் இரவே உட்கார்ந்து, கடற்கரையில் ஆமை முட்டை இருக்கிறது, டாமிக்கு அது தெரியாது, அதனால் நாளைக்கு அது வரவில்லை என்று சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்குப் புரியும். அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போகும்போது வாரை யார் பிடிப்பது, ஓடைப் பக்கம் ஏன் போகக்கூடாது என்று அதுவே மற்றவர்களுக்குச் சொல்லும்.